நான்கறிவு நண்டுக்கு வலிக்குமா?

பழவேற்காட்டில் மீன் வாங்கப் போனால் கூடையில் சேற்று நண்டுகள் உயிரோடு கிடக்கும். கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வாயோரம் நுரை. விரலைக் கிட்டே கொண்டுபோனால் காம்புக் கண்ணைச் சட்டென்று குழிக்குள் மடக்கிக்கொள்ளும். அனிச்சையா, அச்சமா?

பக்கத்துக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் உலைகளிலும் சென்சார்கள் உண்டு. சூடு அளவு மீறினால் காட்டிக்கொடுக்கும். ஆனால் சென்சாருக்குச் சுடாது. தூண்டலை அறிவது வேறு, அதை இன்பமாகவோ துன்பமாகவோ அனுபவிப்பது வேறு. இந்த இரண்டாவதுதான் 'சென்டியன்ஸ்'. 'உணர்திறன்' என்று மட்டும் சொன்னால் சென்சாருக்கும் பொருந்திவிடும். 'இன்பதுன்பம் உணரும் தன்மை' என்பதே தெளிவு. இதற்குப் புத்திக்கூர்மை தேவையில்லை. எண்ணத் தெரியாத கைக்குழந்தைக்கும் ஊசி வலிக்கிறது.

தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக வைத்தது: தொடுதல், சுவை, மணம், பார்வை. அது புலன்களின் கணக்கு. அந்தப் புலன்வழி வருவது நண்டுக்கு நோகிறதா என்பது இன்றைய கேள்வி.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட் இதைச் சோதித்தார். கடற்கரை நண்டுகள் வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் ஒதுங்குபவை. அவற்றுக்கு இரண்டு மறைவிடங்கள் தந்து, ஒன்றில் மட்டும் மின்னதிர்ச்சி கொடுத்தார். ஓரிரு முறை பட்டதும் பல நண்டுகள் மற்றதற்கு மாறின. முடிவு 2013இல் வெளியானது. அவரது வேறொரு சோதனையில், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள், பிடிக்காத சங்கென்றால் அதிர்ச்சி பட்டதும் எளிதில் வெளியேறின; பிடித்த சங்கை விடத் தயங்கின. வெறும் அனிச்சை இப்படி எடைபோடாது. இது முடிந்த நிரூபணம் அல்ல. ஆனால் புறந்தள்ள முடியாத சான்று.

லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஜோனதன் பர்ச் குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி இந்தக் கேள்வி குறித்து 2021இல் அறிக்கை தந்தது. 2022இல் பிரிட்டன் தன் புதிய விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாயைச் சேர்த்தது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதரல்லாத எல்லா உயிரையும் 'விலங்கு' என்றே வரையறுக்கிறது.

நண்டுக் குழம்பை விடச் சொல்லவில்லை. உயிரோடு காலை ஒடிப்பதையும், அப்படியே கொதிநீரில் போடுவதையும் விடலாம். நண்டுக்குக் கத்தத் தெரியாது. அதனால்தான் அதன் வலியை நாம் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.