மண்ணாய்வுக்கு அழைப்பு வந்தால்: கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

தலவாக்கலைப் பக்கம் ஒரு மணிநேரம் மழை அடித்துப் பெய்தால் போதும், மலையில் உள்ள கான்கள் எல்லாம் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அப்படி ஓடுவது நம் மேல்மண். மறுநாள் காலை மண்வெட்டியோடு இறங்கி, கானில் படிந்த சேற்றை அள்ளிக் கரையில் போடுவார் ஒரு தொழிலாளி. முள்ளுக்குத்து, கவ்வாத்து, கான்வெட்டு என்று இந்த மண்ணோடு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகமும் மண் விஞ்ஞானமும் இன்று எட்டாக்கனி அல்ல. அவர்களில் ஒருவர் கலாநிதிப் பட்டமும் முடித்துவிட்டால், அடுத்து என்ன?

அடுத்த வாசல், நிதியுடன் கூடிய கலாநிதிக்குப் பிந்தைய ஆய்வு. வளாகத்தில் 'போஸ்ட்டொக்' என்பார்கள். இது இன்னொரு பட்டம் அல்ல; ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பணம் தந்து செய்யச் சொல்லும் ஆய்வு வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்துக்குப் பட்டம் பெற்று பொதுவாக 8 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையின் போஸ்ட்டொக் பிரிவுக்கு 4 ஆண்டுகள், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் திட்டத்துக்கு 6 ஆண்டுகள். மூன்றிலும் இலங்கையருக்கு இடம் உண்டு. மூன்றுக்குமே அங்குள்ள ஒரு பேராசிரியரோ நிறுவனமோ உங்களை ஏற்க முன்வர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் மூன்றிலும் கிடையாது.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள கடிதத்தைப் பாருங்கள்.

"வாழ்த்துகள்! மண் விஞ்ஞான ஆய்வுக்கு நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள். 48 மணிநேரத்துக்குள் பதிவுக் கட்டணம் 450 டொலரை அனுப்பி இடத்தை உறுதிசெய்யுங்கள்." மேலே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சின்னம். அனுப்பிய முகவரியோ யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு மின்னஞ்சல். நேர்முகம் நடக்கவில்லை, உங்கள் ஆய்வேட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பணம் போகவேண்டிய கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது.

மோசடிக் கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். 450 டொலருக்காக அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தில் கைவைக்க வேண்டாம், தோட்டை அடகு வைக்கவும் வேண்டாம். உண்மையான ஆய்வு நிதி உங்களுக்குப் பணம் தரும். உங்களிடம் பணம் கேட்காது. விசாக் கட்டணம் போன்ற செலவுகள் வரலாம். அவற்றைத் தூதரகத்துக்கோ அது அங்கீகரித்த விசா நிலையத்துக்கோ நேரடியாகக் கட்டுவீர்கள். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள இலக்கத்தை அழைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் தளத்தை நீங்களே தேடி, அந்தத் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

அழைப்பு உண்மையானதாக இருந்தாலும் உடனே கையெழுத்திட்டுவிடக் கூடாது. கிடைப்பது சம்பளமா, உதவித்தொகையா? மேரி கியூரி திட்டத்தில் உங்களை ஊழியராக அமர்த்துகிறார்கள். சமூகப் பாதுகாப்பும் சேர்ந்து வரும். ஹம்போல்ட் தருவது உதவித்தொகை. அதில் ஓய்வூதியப் பங்களிப்பு சேராது. இரண்டும் நல்லவைதான், ஆனால் வேறுபாடு தெரிந்து போக வேண்டும். ஒப்பந்தக் காலம், வரி, மருத்துவக் காப்புறுதி, பிரசவ விடுமுறை, விமானச் செலவு, வெளியாகும் கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும், நீங்கள் திரட்டிய தரவு யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. "முதலில் வாருங்கள், பணத்தைப் பிறகு பேசலாம்" என்பவரிடம் போகாதீர்கள்.

மண்ணுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் தேயிலை மண்ணில் ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. நோய்க்கிருமிகளும் நூற்புழுக்களும் மண்ணோடு பயணப்படும் என்பதால், பெரும்பாலான நாடுகள் அனுமதியில்லாத மண்ணை உள்ளே விடுவதில்லை. உரிய அனுமதிப் பத்திரத்தைப் பெற்றுத்தருமாறு, உங்களை ஏற்கும் நிறுவனத்திடமே கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கு அறிவித்து, பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். மின்னஞ்சல், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். இணையவழி மோசடி என்றால் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை 101 இலக்கத்தில் அழைக்கலாம். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். வெளிநாட்டு வேலை என்று சொல்லி இடையில் ஒரு முகவர் பணம் வாங்கியிருந்தால், அவருக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இத்தனை கவனமும், போகாமல் இருப்பதற்காக அல்ல. பத்திரமாகப் போய், கற்றுத் திரும்புவதற்காக. இங்கே செய்ய வேலை இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்தது. ஆனாலும் மழை தோறும் மண் கானில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது; மக்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள். எச்சரிக்கையில் இருந்த அறிவு, அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மண்ணைப் படித்தவர் ஒருவர் லயத்து வாசலில் நின்று, "அக்கா, இந்தச் சரிவில் இந்த வெடிப்பு ஏன் வருகிறது தெரியுமா?" என்று தமிழில் சொல்லவேண்டும். தோட்ட நிர்வாகத்திடமும் அதே ஆய்வு முடிவைக் காட்டி, பாதுகாப்பான குடியிருப்பைக் கேட்கவேண்டும். அந்த ஒருவர் நம் பிள்ளையாக இருக்கலாம். அழைப்புக் கடிதம் வந்தால் அச்செடுத்து, உங்கள் விரிவுரையாளரோடு உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள். சரியென்று தெரிந்தபின் தயங்காமல் புறப்படுங்கள்.