நடைபாதையில் ஒரு மதிய உணவு: நியூயார்க்கின் ஹலால் வண்டிகள்

நியூயார்க் நகரின் மான்ஹாட்டன் பகுதியில் அலுவலர், கட்டடத் தொழிலாளர், மாணவர், வாடகைக் கார் ஓட்டுநர் எனப் பல தரப்பினரும் நண்பகலில் நாடிச் செல்லும் எவர்சில்வர் தள்ளுவண்டிகள் பலவற்றின் நெற்றியில் ‘ஹலால்’ என்னும் சொல் எழுதப்பட்டிருக்கும். அரபு மொழியில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பொருள்படும் இச்சொல், இஸ்லாமிய நெறி ஏற்கும் செயல்கள், பொருள்கள் அனைத்துக்கும் பொதுவானது. உணவைப் பொறுத்தவரை, பன்றி இறைச்சியும் மதுவும் கலவாததையும், இறைவனின் பெயரைச் சொல்லிக் கூரிய கத்தியால் தொண்டையை அறுத்துக் குருதியை வடியவிட்ட பிராணியின் இறைச்சியால் ஆனதையும் அது குறிக்கிறது. விலக்கப்பட்டது ‘ஹராம்’ எனப்படும். நியூயார்க்வாசிகளின் பேச்சிலோ, சமய வேறுபாடின்றி, மஞ்சள் சோற்றின் மேல் கொத்திய கோழிக்கறியைப் பரப்பித் தரும் ஒரு தட்டு உணவுக்கே இச்சொல் பெயராகிவிட்டது.

அத்தட்டு எந்த ஒரு நாட்டின் மரபுச் சமையலிலும் அதே வடிவில் காணப்படுவதன்று. எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறியைச் சீரகம், மல்லி, மஞ்சள், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு, கற்பூரவள்ளியை ஒத்த மணமுடைய ஓரிகானோ இலையும் சேர்த்து ஊறவைத்து, அகன்ற இரும்புக்கல்லில் வாட்டி, கல்லின் மேலேயே தகட்டுக் கரண்டியால் கொத்துகின்றனர். கொத்துப் பரோட்டாக் கடையின் ஓசைக்குப் பழகிய தமிழருக்கு இவ்வோசை அந்நியமாக இராது. சோற்றோடு நறுக்கிய லெட்யூஸ் இலை, தக்காளி, பீட்டா ரொட்டித் துண்டுகள் ஆகியவற்றை வைத்து, மேலே வெள்ளை, சிவப்பு என இரண்டு குழம்புகளை ஊற்றித் தருவர். வெள்ளையில் மயோனைஸ், தயிர், வினிகர், மிளகு முதலியன வண்டிக்கு வண்டி வேறுபடும் அளவில் கலந்திருக்க, சிவப்பு கடுங்காரமான மிளகாய்ச் சாந்தாக இருக்கும். கோழிக்கு மாற்றாகத் தரப்படும் ‘கைரோ’ என்னும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக் கலவை அமெரிக்கக் கிரேக்கர்களின் வழியே வந்தது. கோழியின் மசாலாவில் எகிப்தியர் கைப்பக்குவமும், பின்னாளில் வங்கதேசத்தவர் கைப்பக்குவமும் சேர்ந்துள்ளன. ஒரு தெருவில் அடுத்தடுத்து வந்து உழைத்தவர்கள் தத்தம் பங்கை விட்டுச்சென்றதால் உருவான இக்கலப்பைத் தூய்மைக் குறைவாகக் கருதுவது பொருந்தாது. அந்நகரின் உண்மையான உள்ளூர்ச் சமையல் என இதனைக் கொள்வதே தகும்.

இதன் தோற்றத்திற்குக் காரணமானவர்கள் வாடகைக் கார் ஓட்டுநர்களே. எகிப்து, பாகிஸ்தான், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து, காரைப் பன்னிரண்டு மணிநேர முறைக்கு வாடகை கட்டி எடுத்து ஓட்டிய முஸ்லிம் ஓட்டுநர்களுக்கு, உணவகத்தில் அமர்ந்து உண்ணும் ஒவ்வொரு நிமிடமும் வருவாய் இழப்பாக இருந்தது. காரை நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. 1990ஆம் ஆண்டில் 53ஆவது தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் எகிப்தியர் மூவர் ‘ஹாட் டாக்’ எனப்படும், ரொட்டிக்குள் இறைச்சிக் குழலை வைத்துத் தரும் சிற்றுண்டியை விற்கத் தொடங்கினர். அது ஒரு வேளைப் பசிக்குப் போதாது என்பதையும், ஓட்டுநர்கள் தம் நெறிக்கு ஏற்ற வயிறாரும் உணவைத் தேடுவதையும் கண்டு, சில ஆண்டுகளுக்குள் சோற்றுக்கும் கோழிக்கும் மாறினர். அவ்வண்டியே இன்று பல நாடுகளில் கிளைகளைக் கொண்ட ‘தி ஹலால் கைஸ்’ நிறுவனமாகும்.

தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே உண்ணும் கடைக்குத் தமிழகத்தில் ‘கையேந்தி பவன்’ என்னும் பெயர் வழங்குவதை இங்கு நினைவுகூரலாம். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் நடத்திவரும் தோசை வண்டியும், ஹலால் வண்டியன்று எனினும், இதே நடைபாதை வணிகத்தைச் சேர்ந்ததேயாகும்.

இவ்வணிகத்தின் கடினமான பகுதி சமையலில் இல்லை, அனுமதியில் உள்ளது. உணவு விற்கும் ஆளுக்கு ஓர் உரிமமும், வண்டிக்குத் தனியாக ஓர் அனுமதியும் தேவை. ஆள் உரிமத்தைப் பெறுவது எளிது. வண்டி அனுமதிகளின் எண்ணிக்கைக்கோ 1980களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் சுமார் 3,000 என உச்சவரம்பு விதித்தது. விண்ணப்பித்தவர்கள் பல்லாண்டுகள் காத்திருக்க, இரண்டாண்டுக்கு 200 டாலர் கட்டணத்தில் அனுமதியை வைத்திருந்தவர்கள் அதனை 20,000 டாலருக்கும் மேலான தொகைக்கு மறைமுக வாடகைக்கு விட்டனர். அதாவது, வாங்குபவர் கொடுத்த ஒவ்வொரு தட்டின் விலையிலும் ஒரு பங்கு அரிசிக்கோ கறிக்கோ உழைப்புக்கோ செல்லாமல், அடுப்பருகே ஒருநாளும் நிற்காத ஒருவரின் காகிதத்திற்குச் சென்றது. உழைப்பவரைச் சுரண்டும் இந்த ஏற்பாட்டை நகரச் சட்டமே தன் வரம்பால் வளர்த்தது என்பதில் ஐயமில்லை. 2021ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வண்டி அனுமதி பெறத் தகுதி தரும் புதிய உரிமங்களை ஆண்டுக்கு 445 வீதம் பத்தாண்டுகளுக்கு வழங்கவும், உரிமம் பெற்றவரே வண்டியில் இருக்கவும் வழிவகுத்தது. காத்திருந்தோரின் தொகையை நோக்க இது மிகச் சிறிய திறப்பாகவே இருந்தது.

அனுமதி கிடைத்த பின்னும் விதிகள் தொடர்கின்றன. பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்திலிருந்து 10 அடியும், கட்டட வாயிலிலிருந்து 20 அடியும் தள்ளியே வண்டி நிற்க வேண்டும். ஒரு பெட்டியைத் தரையில் வைத்தாலும் அபராதம் விதிக்கப்படலாம். வண்டியை இரவில் நடைபாதையில் விட்டுச்செல்ல இயலாது என்பதால், விற்பனை முடிந்ததும் அதனை வேனில் பூட்டி, பெரும்பாலும் மான்ஹாட்டனுக்கு வெளியே உள்ள கிடங்கு வரை இழுத்துச்சென்று, கல்லைச் சுரண்டி, கழிவுநீரை வெளியேற்றிக் கழுவி நிறுத்துகின்றனர். மறுநாள் நண்பகல் வரிசைக்கான கோழி அதற்குள் ஊறத் தொடங்கியிருக்கும்.