அணில் என்னும் ஒரு சொல்

தமிழகத்து அணிலின் முதுகில் மூன்று வெண்கோடுகள் உண்டு. மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் அச்சொல்லை உடன் கொணர்ந்தனர். அவ்வுயிர் உடன் வரவில்லை. இங்குத் தென்னையிலும் பழமரங்களிலும் தாவித் திரிவது வேறோர் இனம். அதன் முதுகில் கோடில்லை, விலாப்புறத்தில்தான் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் உள்ளன, வயிறு செந்நிறம். மலாய் மொழியில் அது 'துப்பாய் பினாங்'. நாம் இதனையும் அணில் என்றே அழைக்கிறோம்.

பழம்பெயர் புதுப்பொருளுக்குப் பரவுவது மொழியின் இயல்பே. ஆனால் உயிரினங்களைக் காக்க முற்படும்போது இப்பொதுமை உண்மையை மறைத்துவிடுகிறது. தீபகற்ப மலேசியக் காடுகளில் கரிய பேரணில், வெளிறிய பேரணில் என இரண்டு உள்ளன. மலாய்க்காரர் இவற்றைக் 'கெராவாக்' எனப் பிரித்துச் சுட்டுவர். சிற்றணில் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். பேரணிலோ உயர்ந்த மரங்களின் கிளைவழியே வாழ்வது. தரையில் இறங்குவது அரிது. காட்டின் நடுவே மரங்கள் வீழ்த்தப்பட்டால் அதன் பாதையே அறுந்துபோகிறது. சிங்கப்பூரில் கிடைத்ததைக் கொண்டு 1821ஆம் ஆண்டில் இராஃபிள்ஸ் வெளிறிய பேரணிலுக்கு அறிவியற்பெயர் சூட்டினார். இன்று அத்தீவில் அவ்வினம் இல்லை. சிற்றணிலுக்கோ அங்குக் குறைவில்லை. 'அணில்' என்று மட்டும் சொல்வோர்க்கு அவ்விழப்பு புலப்படாது.

பிரித்தானியாவிலும் இந்நிலை உண்டு. 1876 முதல் அமெரிக்கச் சாம்பல் அணில்கள் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டன. அவை உணவுக்குப் போட்டியிட்டதோடு அம்மை நோயையும் பரப்பின. மண்ணுக்குரிய சிவப்பு அணில் அருகியது. எனவே, சாம்பல் அணில் விரும்பும் ஓக் முதலிய மரங்களைத் தவிர்த்து, சிவப்பு அணிலுக்கு உணவளிக்கும் ஊசியிலை மரங்களைப் பேணும் காட்டுமுறையை அங்குச் சில இடங்களில் கைக்கொள்கின்றனர்.

தமிழகத்துத் திருவில்லிபுத்தூர் மலைச்சாரலிலோ, 'சாம்பல் நிற அணில்' காக்கப்பட வேண்டிய இனம். அதற்கெனவே 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அண்டை மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலேயே இவ்வணில் கூடு கட்டுகிறது. பகை வந்தால் தப்பியோட அதுவே வழி. ஆதலால் அங்குக் காட்டைப் பேணுவதென்பது மரங்களின் எண்ணிக்கையைக் காப்பது மட்டுமன்று; கிளைத்தொடர் அறாமற் காப்பதுமாகும். அடிவாரத்து மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் இத்தொடரில் அடங்கும்.

ஒரே பெயருடைய ஈரணில்களுள் ஒன்று வந்தேறி, மற்றொன்று அரிய செல்வம். ஆகவே, மாணவர் அணில் ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், 'எந்த அணில், எந்த மரத்தில்?' என ஆசிரியர் வினவுதல் வேண்டும். மலாய் நண்பர் வழங்கும் பெயரையும் கேட்டெழுதச் செய்யலாம். பெயர் பிரித்தறியப்படாத உயிர், மறையும்போதும் கணக்கில் வருவதில்லை.