ரோபோ: ஒரு சொல் எழுப்பும் கேள்வி

‘ரோபோ’ என்றதும் நமக்கு இயந்திரமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேரான ‘ரொபோட்டா’ என்ற செக் மொழிச் சொல், நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையைக் குறித்தது.

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக், 1920இல் வெளியான ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில், உழைப்பதற்கென்றே தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட செயற்கை மனிதர்களுக்கு இப்பெயரை இட்டார். உழைப்பை மறந்த மனிதகுலத்தில் குழந்தைகள் பிறப்பதே நின்றுபோகிறது. கிளர்ந்தெழும் ரோபோக்கள் மனிதரை அழிக்கின்றனர். தம்மைப்போலவே கைகளால் உழைக்கும் அல்குவிஸ்ட் ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றனர். இறுதியில் ஒருவருக்காக ஒருவர் உயிர்தர முன்வரும் இரு ரோபோக்களை, அவர் ஆதாம், ஏவாள் என்றழைத்து வாழ அனுப்புகிறார்.

இயந்திரத்துக்கு ஆன்மா உண்டா என்று நாம் விவாதிக்கலாம். அதற்குமுன், நமக்காக உழைக்கும் மனிதரை நாம் ஆளாகப் பார்க்கிறோமா, கருவியாகப் பார்க்கிறோமா? சிந்திப்போம்.