மருந்து, ஈயம், ஓர் அளவுக் கிண்ணம்... நீலகிரியில் தோட்டாவைக் கையால் செய்த காலம்!

குன்னூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயில் வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காட்டில் நிற்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வேலி போட்ட பெரிய வளாகம் ஒன்று தெரியும். 'கார்டைட் ஃபேக்டரி' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வெடிமருந்துத் தொழிற்சாலை அது. 120 ஆண்டுகளைக் கடந்தும் அங்கே வேலை நடக்கிறது.

இந்தத் தொழிற்சாலை வருவதற்கு முன்பே இந்த மலையில் பல பங்களாக்களில் சின்னச் சின்ன 'தொழிற்சாலைகள்' இருந்தன. ஒரு மேஜை, ஒரு டப்பா வெடிமருந்து, கொஞ்சம் ஈயம், அதை உருக்கி ஊற்ற ஓர் அச்சு, மருந்தை அளக்க ஒரு சிறு கிண்ணம். வேட்டைக்குப் போகிற பிளான்டர்களும் ராணுவ அதிகாரிகளும் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொண்ட காலம் அது. தேவைக்காகத் தொடங்கிய இந்த வேலை, பலருக்கு விடமுடியாத பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

தோட்டா என்பது ஒரு பொட்டலம்

'தோட்டா' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பளபளக்கும் பித்தளைக் குப்பி. ஆனால், 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது வெறும் காகிதப் பொட்டலம்தான். உள்ளே ஓர் அளவு மருந்து, ஓர் ஈயக்குண்டு. பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்க வேண்டும். 1857-ல் சிப்பாய்களின் கோபத்தைக் கிளறியது இந்தப் பொட்டலம்தான். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தி, நாட்டையே புரட்டிப்போட்டது.

வேட்டைக்காரர்களில் பலருக்குப் பொட்டலமும் கிடையாது. மருந்துக் குடுவை இடுப்பில் தொங்கும். பொரியைக் கிளப்ப, குழலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன 'கேப்' வைப்பார்கள். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப் நினைவிருக்கிறதா? அதே சூத்திரம்தான். அடிபட்டால் பொரி பறக்கும்; பொரி மருந்தைப் பற்றவைக்கும்.

19 வயது இளைஞனின் பிடிவாதம்

இப்படித் தொடங்கியவர்களில் பலர் தங்கள் ஆரம்ப நாள்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலம் தேடிப் போன சாமுவேல் பேக்கர் அவர்களில் ஒருவர். 1840-ல், தன் 19-வது வயதில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த கிப்ஸ் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளரிடம் தான் யோசித்து வைத்திருந்த ஒரு ரைஃபிளைச் செய்யச் சொன்னார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. ரைஃபிளில் கொஞ்சமாகத்தான் மருந்து போட வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 'நிறைய மருந்து, கனமான குண்டு, அதைத் தாங்கும் கனமான குழல்' என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தோடு இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் குடியேறி, யானை வேட்டையில் இறங்கினார்.

மருந்தைக் கூட்டுவதற்கு முன் குழலைக் கனமாக்கினார் என்பதுதான் அவர் கதையில் கவனிக்க வேண்டிய இடம். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொருவரின் கதை சாட்சி.

பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி

ஜிம் கார்பெட்டைத் தெரியாத வாசகர்கள் குறைவு. நைனிடாலில் சிறுவனாக இருந்தபோது தனக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியைப் பற்றி, 1953-ல் வெளியான 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில் அவர் நினைவுகூர்கிறார். அது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. முன்பு அதை வைத்திருந்த யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டதில் வலது குழல் பிளந்திருந்தது. கட்டையும் உடைந்திருந்தது. எல்லாவற்றையும் பித்தளைக் கம்பி சுற்றித்தான் சேர்த்துவைத்திருந்தார்கள்.

நல்ல நிலையில் இருந்த இடது குழலை வைத்துத்தான் அந்தப் பையன் காட்டைக் கற்றுக்கொண்டான். மருந்தும் ரவையும் கைவசம் கொஞ்சம்தான். ஆகவே, கண்டதையெல்லாம் சுட முடியாது. பிளந்து கிடந்த வலது குழலோ 'அளவு மீறாதே' என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது. புலிகளைத் தேடிப்போன மனிதர், பின்னாளில் புலிகளைக் காப்பாற்றச் சொன்ன மனிதராக மாறியதில் இந்தப் பாடத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

மழைதான் பெரிய எதிரி

1860-களுக்குப் பிறகு, பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் பரவின. லண்டனின் ஈலி, பர்மிங்ஹாமின் கைனாக் போன்ற கம்பெனிகள் காலித் தோட்டாக் கூடுகளை விற்றன. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கப்பலில் வந்து, மலையேறி வரும் சரக்குக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

நீலகிரியின் தென்மேற்குப் பருவமழை இங்கேதான் குறுக்கே வந்தது. காகிதக் கூடு ஈரத்தில் ஊதிப்போகும். ஊதிய தோட்டா குழலுக்குள் நுழையாது. நுழைந்தாலும் சுட்ட பிறகு வெளியே வராது. எதிரே காட்டெருமை நிற்கும்போது இப்படி மாட்டிக்கொண்டால் நிலைமை என்ன? அதனால்தான் மழைப் பிரதேச வேட்டைக்காரர்கள் விலை அதிகமானாலும் பித்தளைக் கூடுகளை விரும்பினார்கள்.

குண்டிலும் பக்குவம் பார்ப்பார்கள். வெறும் ஈயம் மென்மையானது. யானை போன்ற பெரிய மிருகத்துக்கு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கடினமாக்குவது அன்றைய வழக்கம். ஈயப் புகையும் பாதரச ஆவியும் உடம்பை என்ன செய்யும் என்ற கவலை அன்றைக்கு அவ்வளவாக இல்லை.

சேமியா போல ஒரு வெடிமருந்து

அதுவரை எல்லோரும் பயன்படுத்தியது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. சுட்டால் வெண்புகை கிளம்பி எதிரே இருப்பதையே மறைத்துவிடும். 1889-ல் ஃப்ரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டிவார் என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் 'கார்டைட்' என்ற புகை குறைந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பார்ப்பதற்குச் சேமியா போல நீள நீளமாக இருக்கும். இந்த மருந்தை இந்தியாவிலேயே தயாரிக்க 1900-களின் தொடக்கத்தில் அருவங்காட்டில் எழுந்ததுதான் கார்டைட் தொழிற்சாலை. அதற்கான மின்சாரம் பக்கத்திலிருக்கும் காட்டேரி அருவியிலிருந்து வந்தது.

கையால் தோட்டா நிரப்பியவர்களின் பழைய கைப்பழக்கம் இந்தப் புது மருந்திடம் செல்லவில்லை. கருமருந்து கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பல நேரம் பொறுத்துக்கொண்டது. புகையில்லா மருந்து பொறுக்காது. பழைய கிண்ணத்தால் புது மருந்தை அளந்தால் குழலே வெடித்துவிடும். வெயிலில் அதன் அழுத்தம் இன்னும் கூடும் என்பதால், இந்தியா போன்ற நாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தனித் தோட்டாக்களையே கம்பெனிகள் விற்றன. மெல்ல மெல்லப் பலரும் கிண்ணத்தை ஓரம் வைத்துவிட்டுக் கடைத் தோட்டாவுக்கு மாறினார்கள்.

யாருக்கு அந்த உரிமை?

இந்தப் பொழுதுபோக்கு எல்லோருக்கும் வாய்த்ததல்ல. 1878-ல் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. பக்கத்துக் குடகு மலையின் குடவர்களுக்குக் கிடைத்த விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது. காட்டைக் கையளவாகத் தெரிந்துவைத்திருந்த உள்ளூர் மக்கள் வழிகாட்டிகளாக முன்னே நடந்தார்கள். சுட்டவரின் பெயர் புத்தகத்தில் ஏறியது. வழிகாட்டியவரின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

துரைமார் 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்த நம் வரையாடு குறிபார்க்கக் கிடைத்த பெரும் பரிசாக இருந்தது. மருந்துக்கு அளவு வைத்தவர்கள் வேட்டைக்கு அளவு வைக்கவில்லை. ஒருகட்டத்தில் அவர்களுக்கே பயம் வந்து, 1877-ல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. லைசென்ஸ், வேட்டை கூடாத மாதங்கள் என்று கட்டுப்பாடுகள் பிறந்தன. 1940-ல் முதுமலை சரணாலயமானது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைப் பொழுதுபோக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

குன்னூரில் வழக்கறிஞராக இருந்த ஈ.ஆர்.சி.டேவிதார் இந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம். இளமையில் துப்பாக்கி பிடித்தவர், அதை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். சீகூர் காட்டோரம் வீடு கட்டிக்கொண்டு யானைகளையும் மான்களையும் கவனித்து எழுதினார். வரையாடுகளை மலை மலையாக ஏறி எண்ணினார். 1970-களில் அவர் கணக்கில் எஞ்சியிருந்தவை சுமார் 2,200 மட்டுமே.

அமெரிக்காவில் கையால் தோட்டா நிரப்புவது இன்றும் பரவலான பொழுதுபோக்கு. நம் நாட்டிலோ உரிய அனுமதியின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டில் பழைய துப்பாக்கி, மருந்துக் குடுவை, தோட்டாக்கள் கிடந்தால் நோண்டிப் பார்க்காமல் காவல் நிலையத்தில் தகவல் சொல்வதே சரி. நூறு வயதான மருந்தும் பற்றிக்கொள்ளும்.

2024-ல் தமிழக வனத்துறை எடுத்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் பதிவாயின. முக்குறுத்தியின் புல்வெளிப் பாறைகளில் இன்று அவற்றைக் குறிபார்ப்பவை பைனாகுலர்களும் கேமராக்களும்தான்.