ஆங்கில வினையும் தமிழிலக்கணத் துணையும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கரை நெடுங்காலமாக இடர்ப்படுத்தி வரும் ஐயங்களுள் ஒன்று, ஒரு வினையைத் தொடர்ந்து வரும் மற்றொரு வினையை எவ்வடிவிற் கூறுவது என்பதாகும். ‘டு றீட்’ என்பதா, ‘றீடிங்’ என்பதா? முன்னதை இன்பினிட்டிவ் என்றும், பின்னதை ஜெரண்ட் என்றும் ஆங்கில இலக்கண நூலார் வழங்குவர். எவ்வினைக்கு எவ்வடிவம் உரியதென நீண்ட பட்டியல்கள் நூல்களில் உள. மாணாக்கர் அவற்றை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்திற் புகுந்ததும் மறந்துவிடுகின்றனர். ‘ஆங்கிலம் படிக்கும்போது தமிழை மறந்துவிடு’ என்னும் அறிவுரையும் அவர்க்குக் கிடைப்பதுண்டு. இவ்விடயத்தில் அவ்வறிவுரை பொருந்தாது. தமிழிலக்கணமே ஈண்டு நற்றுணையாகும் என்பதை இங்கு விளக்க முயல்வோம்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது கலகெதர. அவ்வழிச் செல்லும் நாம் அங்கே தேநீர் அருந்த எண்ணினோம் எனக் கொள்வோம். ‘வீ ஸ்டொப்ட் டு ட்றிங்க் டீ’ என்றால், தேநீர் அருந்த நின்றோம் என்பது பொருள். ‘வீ ஸ்டொப்ட் ட்றிங்கிங் டீ’ என்றாலோ, தேநீர் அருந்துவதை நிறுத்தினோம் என்றாகும். கலகெதரத் தேநீர்க் கடைக்காரருக்கு முன்னது வருவாய், பின்னது இழப்பு!

இவ்விரு தமிழ்த் தொடர்களையும் உற்று நோக்குவோம். ‘அருந்த’ என்பது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘அருந்துவதை’ என்பது இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்ற தொழிற்பெயர். ஆங்கிலம் இன்பினிட்டிவ், ஜெரண்ட் என வேறுபடுத்தியதைத் தமிழும் தன் முறையில் வேறுபடுத்தியே வைத்துள்ளது. ‘வர மறுத்தான்’, ‘வர இணங்கினான்’ என்கிறோம். அவற்றிற்குரிய ஆங்கில வினைகளாகிய ‘றெபியூஸ்’, ‘அக்றீ’ என்பன ‘டு’ வடிவத்தையே அவாவி நிற்கும். ‘வருவதைத் தவிர்த்தான்’, ‘வருவதை ஒத்திவைத்தான்’ என்கிறோம்; ‘அவோய்ட்’, ‘போஸ்ட்போன்’ என்பன ‘இங்’ வடிவத்தையே கொள்ளும். கலகெதரச் சந்தையில் நம் செவியில் விழும் சிங்களத்திலும் ‘கியவன்ன’ என்பது வாசிக்க எனவும், ‘கியவீம’ என்பது வாசித்தல் எனவும் பொருள்படுதல் காண்க.

ஆங்கிலத்தில் ‘இன்’, ‘அட்’, ‘ஒவ்’ முதலிய முன்னிடைச்சொற்களை அடுத்து வினை வருங்கால் ‘இங்’ வடிவமே வரும். வேற்றுமை உருபு பெயரையன்றிச் சேராதது போல, இவையும் பெயரையே வேண்டி நிற்பன. ‘வாசிப்பதில் ஆர்வம்’ என்பது ‘இண்டறெஸ்டட் இன் றீடிங்’ ஆவது இதனாலேயே. உத்தியோக விண்ணப்பங்களின் இறுதியில் ‘ஐ லுக் போவர்ட் டு ஹியர்’ என்றெழுதும் பிழை மலிந்துள்ளது. இங்கு ‘டு’ என்பது முன்னிடைச்சொல்லாதலின் ‘ஹியரிங்’ என்பதே சரி. ஐயம் நேர்ந்தால் அவ்விடத்தில் ஒரு பெயரை இட்டுப் பார்க்க. ‘லுக் போவர்ட் டு யுவர் றிப்ளை’ என்பது பொருந்துமாயின், வினையும் ‘இங்’ பெற்றுப் பெயராகியே வரல் வேண்டும்.

இவ்வேற்றுமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘உங்’, ‘இங்’ என்பன, தமிழின் ‘தல்’ போல, வினையிலிருந்து பெயரை ஆக்கிய விகுதிகள். ‘டு’ என்பதோ ஒன்றை நோக்கிச் செல்லுதலை உணர்த்திய முன்னிடைச்சொல். அதனாற் போலும், இன்பினிட்டிவ் பெரும்பாலும் இனி நிகழ்வதைச் சுட்டுகிறது. ஜெரண்ட் நிகழ்ந்ததையோ நிகழ்வதையோ சுட்டுகிறது. ‘றிமெம்பர் டு லொக் த டோர்’ என்றால் கதவைப் பூட்ட மறவாதே என்பதாம். ‘ஐ றிமெம்பர் லொக்கிங் த டோர்’ என்றால் கதவைப் பூட்டியது நினைவிலுள்ளது என்பதாம். ‘பூட்டியது’ எனத் தமிழ் காலத்தையுங் காட்டும். ஆங்கிலத்தின் ‘லொக்கிங்’ அதனைக் காட்டாது.

எனினும், இத்துணைக்கும் ஓர் எல்லையுண்டு. ‘எழுதி முடித்தேன்’ என நாம் ‘செய்து’ என்னும் எச்சத்தாற் கூறுவதை, ஆங்கிலம் ‘பினிஷ்ட் றைட்டிங்’ என ஜெரண்டாற் கூறும். ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ முதலியன பொருள் பெரிதும் வேறுபடாமல் இரண்டையும் ஏற்கும். இத்தகையவற்றை வாசிப்பாலும் வழக்காலுமே அறிதல் வேண்டும். ஆயின், முழுப் பட்டியலையும் மனனஞ் செய்வதினும், தமிழோடு ஒவ்வாத சிலவற்றை மட்டும் நினைவில் இருத்துதல் எளிதன்றோ?

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆங்கிலமுங் கற்றவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவியவர். இலக்கணச் சுருக்கம் இயற்றியவரும் அவரே. ஒரு மொழியின் தெளிவு மற்றொன்றிற்குத் தடையாகாது என்பதற்கு அப்பெருமகனார் வாழ்வே சான்று. நம் மாணாக்கரும் தமிழிலக்கணத்தைக் கைவிளக்காகக் கொண்டு ஆங்கிலத்துட் புகுவாராக.