படிக்கிற அம்மாக்கள் – 9: வருகைப் பதிவேடும் பிக்மி நம்பரும்

தொலைநிலைக் கல்வியில் படிக்கும் தாய்மார்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களுக்குப் பரீட்சை நாட்கள்தான் பெரிய கண்டம். ரெகுலரில் படிப்பவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் கண்டம்தான்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. இவை போக இரண்டு ஊரைச் சுற்றிலும் பி.எட். கல்லூரிகள். ஒரு ஊரில் கல்லூரி, இன்னொரு ஊரில் தாய்வீடு என்று அமைந்துவிட்ட பெண்கள் நிறைய. கடைசி வருடப் படிப்பிலேயே கல்யாணம் முடிந்துவிடுகிறது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்து வளையல் சத்தத்தோடு அம்மா வீட்டுக்குப் போனவள், அங்கிருந்து கல்லூரிக்கு நாற்பது கிலோமீட்டர் என்பதை மறுநாள் காலையில்தான் உணர்கிறாள்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அதனால் பலர் ரயில் சீசன் டிக்கெட்டை நம்புகிறார்கள். விழுப்புரத்தை விட்டால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். முண்டியம்பாக்கத்தில்தான் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மாதப் பரிசோதனைக்கு அங்கே இறங்கினால் அன்றைக்கு வகுப்பு போச்சு. வகுப்புக்குப் போனால் ஸ்கேன் தள்ளிப் போகும்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் சிரமத்தை யாரும் வெளியே பேசுவதில்லை. மூன்று மாதக் கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தவளுக்கு மூன்றாவது பீரியடிலேயே மார்பு கனக்க ஆரம்பிக்கும். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதியத்துக்குள் பால் கட்டிக்கொள்ளும். விட்டால் நெறி கட்டிக் காய்ச்சலே வந்துவிடும். கழிவறைக்குள் நின்று பீய்ச்சி விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. வீட்டில் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருக்க, இங்கே அந்தப் பால் தண்ணீரோடு போகிறது. பஸ் நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளை 2015-லேயே திறந்த மாநிலம் இது. பெண்கள் படிக்கும் கல்லூரிகளில் அதேபோல் ஓர் அறை ஒதுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கதவும் தாழ்ப்பாளும் நாற்காலியும் உள்ள ஓர் அறை. அவ்வளவுதான்.

இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அட்டெண்டன்ஸ் பற்றி. 75 சதவீதம் இல்லையென்றால், குறைந்த வருகையை மன்னிக்கக் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது. பி.எட்.டில் இன்னும் கடுமை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டு வருடப் படிப்பில் ஒரு பிரசவம் வந்தால் இந்தக் கணக்கு எப்படித் தாங்கும்? பெரும்பாலான பெண்கள் சண்டை போடுவதில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நின்றுவிடுகிறார்கள். அந்த அடுத்த வருடம் பலருக்கு வருவதே இல்லை.

ஆராய்ச்சி மாணவிகளுக்கு நிலைமை வேறு. பி.எச்டி. படிக்கும் பெண்ணுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியிலேயே எழுதியிருக்கிறது. படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும் தருகிறார்கள். இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு இப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை. 2021 டிசம்பர் 14 அன்று மானியக் குழு எல்லாத் துணைவேந்தர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு, வருகைப் பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கால நீட்டிப்பு ஆகியவற்றுக்குத் தகுந்த விதிகளை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இருபத்தொரு வயதில் பிள்ளை பெறுகிறவள் பி.ஏ. வகுப்பில்தான் இருப்பாள். சலுகை உறுதியாக இருப்பதோ பி.எச்டி.யில். இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு எம்.எட். மாணவியின் வழக்கு வந்தது. மகப்பேறு விடுப்பு தர முடியாது என்று அவருடைய பல்கலைக்கழகம் மறுத்திருந்தது. நீதிபதி புருஷேந்திர குமார் கௌரவ் அந்த மறுப்பை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொன்னார். படிப்பா தாய்மையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பெண்ணை நிர்ப்பந்திக்கக் கூடாது என்பது தீர்ப்பின் அடிப்படை. டெல்லித் தீர்ப்பு நம்மூர்க் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விண்ணப்பத்தில் எடுத்துக்காட்ட அது உதவும்.

பக்கத்து மாவட்டத்து ஸ்ரீபதியை நினைவிருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்து மலைக் கிராமத்துப் பழங்குடிப் பெண். 2023 நவம்பரில், பிரசவமாகி இரண்டே நாளில் காரில் சென்னைக்குப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதினார். மறு ஆண்டு பிப்ரவரியில் தேர்ச்சிச் செய்தி வந்தபோது தமிழ்நாடே பாராட்டியது. நானும் மனம் நெகிழ்ந்து படித்தேன். ஆனால் ரத்தப்போக்கு நிற்காத உடம்போடு இருக்கும் ஒரு பச்சை உடம்புக்காரி அத்தனை தூரம் போய்த்தான் எழுத வேண்டுமா என்ற கேள்வியை அந்தப் பாராட்டுக்கு நடுவே நாம் கேட்கவில்லை. எல்லோருக்கும் அந்த உடல்வாகும் அந்தக் காரும் வாய்க்காது.

கர்ப்பமான பெண்ணை அரசாங்கத்துக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. கிராம சுகாதார செவிலியர் வந்து பதிவு செய்து பிக்மி நம்பர் கொடுக்கிறார். அந்த நம்பர் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி; பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். எந்த மாதம் எந்த ஊசி, எப்போது பிரசவ தேதி, எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகியிருக்கிறது. அதே பெண், அதே நாள், கல்லூரிப் பதிவேட்டில் வெறும் ஆப்சென்ட். அந்த நம்பரையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டு மகப்பேறு நாட்களை மொத்த வேலை நாட்களிலிருந்து கழித்துவிட்டால், அலையாமல் கொள்ளாமல் பாதிப் பிரச்சினை தீரும். இந்தப் பகுதிக் கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பி.எட். கல்லூரிகள் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இந்த இரண்டு இடத்திலிருந்தும் தெளிவான ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.

அதுவரை மாணவிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பிறந்த பிறகு போய்க் கெஞ்சாதீர்கள். ஐந்தாவது, ஆறாவது மாதத்திலேயே துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பிக்மி நம்பர், டாக்டர் எழுதிய பிரசவ தேதி, மானியக் குழுவின் 2021 கடிதத்தின் நகல் மூன்றையும் இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் வாங்கி ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "பாத்துக்கலாம்மா" என்று சொன்னவர் ஹால் டிக்கெட் வரும்போது மாறுதலாகிப் போயிருக்கலாம்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்தால் அங்கன்வாடி இருக்கிறது. பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளைக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. பரீட்சை நாளில் அதனால் மிச்சமாகும் அரைமணி நேரம் எவ்வளவு பெரியது என்று அம்மாக்களைக் கேட்டால் தெரியும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் கையறு நிலை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்திலிருந்து, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அந்தச் சட்டம் ஊழியர்களைத்தான் எண்ணுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டாள். ஆயாவோ மாமியாரோ இல்லாத வீட்டில் அந்த ஒன்றரை வருடத்தை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)